விற்றது யார்? கடைசிச் சொடுக்கின் கணக்கு

இணையத்தில் ஒரு பொருள் விலைபோகும்போது அதற்கு வழிகாட்டியவர் யார் என்பதை அடையாளங்கண்டு அவருக்குரிய தரகைக் கணக்கிடுவதற்காக, இணைய முகவரியின் இறுதியில் சேர்க்கப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த சிறு கோவை தடக்குறியீடு எனப்படுகிறது; அக்குறியீட்டைச் சுமந்து செல்லும் முகவரி பரிந்துரை இணைப்பு ஆகும். மாட்டுச் சந்தையில் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்த தரகர் இருவர் கண்ணெதிரிலும் நின்றதால், அவருடைய பங்கு இன்னதென்பதில் ஐயம் எழ இடம் குறைவு. இணைய வணிகத்திலோ வாங்குபவர், விற்பவர், வழிகாட்டியவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் காண்பதேயில்லை. தரகர் நின்ற இடத்தில் குறியீடு நிற்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது, எதைப் பதிவுசெய்கிறது, எதைப் பதிவுசெய்ய இயலாது என்பவற்றைப் பகுத்துப் பார்த்தால், ‘இந்த விற்பனை இவரால் நடந்தது’ என்ற எளிய கூற்று அளந்தறிந்த உண்மை அன்று, பெரும்பாலும் ஓர் ஒப்பந்த விதியே என்பது புலப்படும்.

இதை விளக்குவதற்குப் புனே நகரம் ஏற்ற களமாகும். அந்நகரின் பழைய பகுதிகளான சதாசிவ பேட், நாராயண் பேட் போன்றவற்றில், மகாராஷ்டிர அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து தங்கி, ‘அப்யாசிகா’ எனப்படும் கட்டணப் படிப்பகங்களில் நாளெல்லாம் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய நூல்களை விற்கும் கடைகள் அருகிலேயே, அப்பா பல்வந்த் சௌக்கைச் சுற்றி அடர்ந்துள்ளன. அதே நூல்களின் பட்டியல் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளின் கீழும் இணைப்புகளாகக் கிடைக்கிறது. விற்பவர் தரப்பும் இந்நகருக்குப் புதிதன்று: குழந்தைகளுக்கான பொருள்களை இணையத்தில் விற்கும் ஃபர்ஸ்ட்கிரை 2010இல் புனேயில்தான் தொடங்கப்பட்டது, இணைய விளம்பர இடங்களை ஏலத்தில் விற்றுத்தரும் பப்மேட்டிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் பலர் பணிபுரிவதும் இங்கேதான்.

சதாசிவ பேட்டில் தங்கிப் படிக்கும் தேர்வர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் சிக்கல் தெளிவாகும். இரவு 9 மணிக்குப் பொருளாதார நூல் ஒன்றின் நிறைகுறைகளை ஆராயும் காணொளியைப் பார்த்து, அதன் கீழுள்ள இணைப்பைச் சொடுக்கி, விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் மூடிவிடுகிறார். மறுநாள் காலை அப்பா பல்வந்த் சௌக்கில் ஒரு கடையில் அந்நூலைப் புரட்டிப் பார்த்து, ‘இதைத்தான் வாங்க வேண்டும்’ என்று முடிவுசெய்கிறார். பிற்பகல் 3 மணிக்கு டெலிகிராம் குழுவில் அதே நூலுக்குத் தள்ளுபடி வந்திருப்பதாக ஓர் இணைப்பு வருகிறது. அதைச் சொடுக்கி வாங்கிவிடுகிறார். இந்நூலை விற்றது யார் என்ற கேள்விக்குக் குறியீடு தரும் விடை ஒன்றே: டெலிகிராம் குழு.

முகவரியின் உடற்கூறு

இணைய முகவரியின் இலக்கணம், இணையத் தர வரையறை ஆவணங்களுள் ஒன்றாக 2005இல் வெளியான 3986ஆம் எண் ஆவணத்தில் வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி முகவரியில் தளத்தின் பெயரும், அடுத்து அத்தளத்தினுள் குறிப்பிட்ட பக்கத்துக்குச் செல்லும் பாதையும் வருகின்றன. அதன்பின் ஒரு கேள்விக்குறி வந்தால், அதற்கு வலப்புறம் உள்ளவை பக்கத்துடன் சேர்த்து வழங்கியிடம் ஒப்படைக்கப்படும் கூடுதல் தகவல்கள். வழங்கி என்பது சர்வர் எனப்படும், கேட்ட பக்கத்தைத் தரும் கணினி. கூடுதல் தகவல் ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு என்ற வடிவில் அமையும்; ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் இடையில் ‘&’ குறி வரும்.

அமேசானின் இந்தியத் தளத்தில் ஒரு நூலுக்கான முகவரியைப் பிரித்துப் பார்த்தால், பாதைப் பகுதியில் பத்துக் குறிகள் கொண்ட பொருள் எண் இருக்கும். அச்சு நூல்களுக்கு அது பெரும்பாலும் நூலின் பத்திலக்க ஐஎஸ்பிஎன் எண்ணே. கேள்விக்குறிக்குப் பின் ‘டேக்’ என்ற பெயரும், சமக்குறிக்குப் பின் பரிந்துரையாளரின் அடையாளமும், அதன் முடிவில் ஒரு சிறு கோடும் 21 என்ற எண்ணும் வரும். அமெரிக்கத் தளத்தில் அதே இடத்தில் 20 வருகிறது. ‘டேக்’ பகுதியை நீக்கிவிட்டாலும் அதே நூலின் பக்கம்தான் திறக்கும்; மாறுவது தரகு யார் கணக்கில் ஏறும் என்பது மட்டுமே. ஒரே பரிந்துரையாளர் காணொளிக்கு ஓர் அடையாளமும் டெலிகிராமுக்கு வேறோர் அடையாளமும் வைத்துக்கொண்டு, எது அதிகம் பயன் தருகிறது என்று ஒப்பிடவும் வழியுண்டு.

முகவரிகளில் அடிக்கடி காணப்படும் ‘யூடிஎம்’ குறியீடுகள் இவற்றிலிருந்து வேறானவை. அர்ச்சின் என்ற நிறுவனம் உருவாக்கிய அம்முறை, 2005இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியபின் உலகெங்கும் பரவியது. வருகையாளர் எந்த விளம்பரத்தின் வழியாக, எந்த ஊடகத்திலிருந்து வந்தார் என்பதைப் புள்ளிவிவரத்துக்காகக் குறிப்பதே அதன் பணி. தரகு கணக்கிடுவது அதன் நோக்கமன்று.

நினைவில் வைத்திருத்தல்

உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தொடர்பற்றதாகவே வழங்கியை அடைகிறது. எனவே பரிந்துரை இணைப்பின் வழியாக உள்ளே வந்தவர், அத்தளத்தில் வேறு நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு வாங்கும்போது, முதலில் வந்த முகவரியில் இருந்த குறியீடு மறைந்துபோயிருக்கும். இக்குறையைப் போக்க நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மாண்டுல்லி 1994இல் வடிவமைத்ததே குக்கீ: வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுத்துவைக்கிறது, உலாவி அதே தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் அக்குறிப்பைத் திருப்பிக் காட்டுகிறது. அமேசான் 1996 ஜூலையில் தன் பரிந்துரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே மலர்களையும் பரிசுப் பொருள்களையும் இணையவழி விற்ற வில்லியம் டோபின், பரிந்துரைக்குத் தரகு கொடுக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கோரியிருந்தார். அது 2000இல் வழங்கப்பட்டது.

கொடுத்துவைத்த குறிப்பு எவ்வளவு காலம் செல்லும் என்பது ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொண்ட விதி. அமேசானில் அது 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கூடையில் இட்டுவிட்டால், அக்கூடைப் பொருளுக்குப் பொதுவாக 90 நாள் வரை நீளும். இடையில் வேறொருவரின் பரிந்துரை இணைப்பைச் சொடுக்கினால் முந்தைய உரிமை முடிந்து பிந்தையவருக்குப் போய்விடும். மேற்சொன்ன தேர்வர் இரவு 9 மணிக்கும் மறுநாள் 3 மணிக்கும் சொடுக்கியவை இரண்டும் 24 மணி நேர வரம்புக்குள்தான் உள்ளன. ஆயினும் மூன்றாம் விதியால் காணொளியாளரின் பெயர் அழிந்துவிடுகிறது.

விற்பனையாளருக்கும் பரிந்துரையாளருக்கும் நடுவே ஓர் இடைநிலை நிறுவனம் இருக்கும்போது வழி சற்றே நீளும். இணைப்பைச் சொடுக்கியதும் கோரிக்கை முதலில் இடைநிலை நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கிறது. அவ்வழங்கி அந்தச் சொடுக்குக்கென ஒரு தனி எண்ணை உருவாக்கி, நேரத்தையும் பரிந்துரையாளரின் அடையாளத்தையும் அதனுடன் குறித்துக்கொண்டு, ‘நீ செல்ல வேண்டிய இடம் இது’ என்று 302 என்ற எண்ணிட்ட திசைதிருப்பல் விடையை அனுப்புகிறது. உலாவி உடனே கடையின் பக்கத்துக்குத் தாவுகிறது. கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுவதால் இந்த இடைவழியைப் பயனர் பெரும்பாலும் உணர்வதில்லை.

அந்தத் தனி எண் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது நிகழ்தகவுக் கணிதத்தின் சுவையான கேள்வி. 26 ஆங்கில எழுத்துகளும் 10 எண்களும் சேர்ந்த 36 குறிகளைக் கொண்டு ஆறு இடங்களை நிரப்பினால் 217 கோடிக்கும் மேற்பட்ட கோவைகள் கிடைக்கும். இது தாராளமாகப் போதும் என்றே தோன்றும். ஆனால் கோவைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ 55,000 கோவைகள் உருவாவதற்குள்ளேயே ஏதேனும் இரண்டு ஒன்றாக அமைந்துவிட ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. 23 பேர் கூடிய அறையில் இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்ற புகழ்பெற்ற கணக்கின் மறுவடிவமே இது. இரு சொடுக்குகளுக்கு ஒரே எண் அமைந்தால் ஒருவரின் தரகு மற்றொருவருக்குப் போய்ச்சேரும் என்பதால்தான், பரிந்துரையாளரின் அடையாளம் குறுகியதாக இருந்தாலும் சொடுக்கின் எண் மிக நீண்டதாக அமைக்கப்படுகிறது.

அறுபடும் தடம்

குக்கீ ஓர் உலாவிக்கு மட்டுமே உரியது. செல்பேசியில் இணைப்பைச் சொடுக்கிய தேர்வர் படிப்பகத்தில் உள்ள நண்பரின் மடிக்கணினியில் வாங்கினால், அங்கே அக்குறிப்பு இல்லை. ஒரே செல்பேசியிலும் சிக்கல் உண்டு: சமூக ஊடகச் செயலிகள் இணைப்பைத் தமக்குள் அமைந்த சிறு உலாவியில் திறக்கும்போது, அங்கு சேரும் குக்கீ செல்பேசியின் முதன்மை உலாவிக்கும் கடையின் செயலிக்கும் தெரியாது. இணைப்பு நேராகக் கடையின் செயலியைத் திறக்கும்படி அமைந்திருந்தால், முகவரி முழுவதையும், கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியோடு, அச்செயலியிடம் ஒப்படைக்க வேண்டும். வழியில் அது உதிர்ந்துவிட்டால் தரகும் உதிர்ந்துவிடும்.

இதற்கு இரண்டு மாற்றுகள் வழக்கில் உள்ளன. முதலாவது, வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையே நேரடிச் செய்தி: இடைநிலை நிறுவனம் கொடுத்த சொடுக்கு எண்ணைக் கடை தன் ஆணைப் பதிவேட்டிலேயே எழுதிவைத்து, விற்பனை உறுதியானதும் அந்த எண்ணையும் தொகையையும் இடைநிலை நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறது. இரண்டாவது, தள்ளுபடிச் சொல்: காணொளியில் பேசுபவர் தம் பெயரையே ஒட்டிய ஒரு சொல்லைக் கூறி, பணம் செலுத்தும்போது அதை இட்டால் விலை குறையும் என்கிறார். இச்சொல்லைச் சுமப்பது உலாவியன்று, வாங்குபவரின் நினைவு. ஆகவே கருவி மாறினாலும் அது அறுபடுவதில்லை.

இந்தியச் சந்தையில் தடம் அறுபடுவதற்கு மற்றொரு காரணம், பொருள் வீட்டுக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வழக்கம். வாசலில் வாங்க மறுத்தால் பொருள் திரும்பிவிடும். எனவே தரகு முதலில் ‘நிலுவை’ என்றே காட்டப்பட்டு, திருப்பி அனுப்பும் காலக்கெடு கடந்தபிறகே உறுதியாகிறது.

உலாவி நிறுவனங்களும் தடத்தை வேண்டுமென்றே குறுக்கிவருகின்றன. ஆப்பிளின் சஃபாரி 2017இல் தளம் தாண்டிய கண்காணிப்பைக் கட்டுப்படுத்தத் தொடங்கி, 2020 மார்ச்சில் பிற தளங்களின் குக்கீகளை முற்றாகத் தடுத்தது. கூகுளோ தன் குரோம் உலாவியில் அவ்வாறே செய்வதாக 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2023இல் வந்த ஐஓஎஸ் 17, தனிநபர் உலாவல் போன்ற சில இடங்களில், முகவரியிலிருந்து தனிமனிதரை இனங்காட்டும் குறியீடுகளை நீக்குகிறது. இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பரிந்துரையாளரின் அடையாளம், இணைப்பைச் சொடுக்கிய ஆயிரம் பேருக்கும் ஒன்றே; அது வாங்குபவர் யார் என்று சொல்வதில்லை. சொடுக்கின் தனி எண்ணோ ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டக்கூடியது. தனியுரிமை பற்றிய கவலை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையையே சார்ந்தது.

கடைசியில் நிற்பவரின் ஆதாயம்

கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்புக்கே முழுத் தரகு என்ற விதி எளியது, சர்ச்சையைச் சட்டென்று முடிப்பது. அதனாலேயே உலகெங்கும் பரவியது. ஆனால் பரிந்துரைக்கும் உழைப்பைவிடப் பணம் செலுத்தும் கணத்துக்கு அருகில் நிற்பதே அதிக வருவாய் தரும் என்ற நிலையை அவ்விதி உண்டாக்குகிறது. இதன் முரட்டு வடிவம் குக்கீ திணிப்பு: இணைப்பை யாரும் சொடுக்காமலேயே, பக்கத்தில் மறைந்திருக்கும் நிரல் பரிந்துரைக் குக்கீயைப் பயனரின் உலாவியில் இட்டுவிடும், அவர் பின்னர் தாமாகவே அக்கடையில் வாங்கினாலும் தரகு நிரலை வைத்தவருக்குப் போகும். ஈபேயின் பரிந்துரைத் திட்டத்தில் முன்னணியில் இருந்த ஷான் ஹோகன் இவ்வகை மோசடிக்காக 2014இல் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

நுண்மையான வடிவத்தில் மோசடிக்கும் விதிக்கும் இடையிலான கோடு மங்கலாகிறது. தள்ளுபடிச் சொற்களைத் தேடித்தரும் ஹனி என்ற உலாவி நீட்சியைப் பேபால் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019இல் அறிவித்தது. பணம் செலுத்தும் பக்கத்தில் அந்நீட்சி தோன்றும்போது பரிந்துரையாளரின் குறியீட்டை நீக்கித் தன் குறியீட்டை இடுகிறது என்று 2024 டிசம்பரில் ஒரு யூடியூப் காணொளி குற்றஞ்சாட்டியது. அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. கடைசிச் சொடுக்கு உட்பட்ட தொழில் விதிகளையே ஹனி பின்பற்றுகிறது என்பது பேபாலின் மறுமொழி. பயனருக்கு நேரடிப் பயன் தராமலோ அவர் ஏதும் செய்யாமலோ நீட்சிகள் பரிந்துரைக் குறியீட்டைச் செருகக் கூடாது என்று கூகுள் 2025 மார்ச்சில் தன் குரோம் விதிகளைத் திருத்தியது.

தேர்வரின் கதையில் அப்பா பல்வந்த் சௌக் கடைக்காரரின் நிலை இன்னும் விந்தையானது. நூலை அடுக்கில் வைத்து, எடுத்துக் கொடுத்து, பத்து நிமிடம் புரட்ட விட்டவர் அவர். வாங்கும் முடிவு பிறந்ததும் அங்கேதான். அவருக்கு இணைப்பு இல்லை, சொடுக்கு இல்லை, ஆகவே கணக்கில் இடமும் இல்லை.

காரணத்தை அளத்தல்

‘இணைப்பைச் சொடுக்கியவர் வாங்கினார்’ என்பது ஒரு செய்தி. ‘இணைப்பு இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார்’ என்பது வேறொரு செய்தி. இரண்டாவதைக் குறியீட்டால் அறிய இயலாது. இணைப்பை நீக்கிப் பார்க்கும் சோதனையால்தான் அறியலாம். ஈபே நிறுவனத்தில் பொருளியலாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகியோர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ‘ஈபே’ என்று தேடுவோருக்குக் காட்டப்பட்ட கட்டண விளம்பரங்களை 2012இல் சில தேடுபொறிகளில் நிறுத்தியபோது, விளம்பரம் வழியே வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 விழுக்காடு, கட்டணமில்லாத தேடல் முடிவுகளின் வழியாகவே வந்துசேர்ந்தது. சொடுக்குக் கணக்கின்படி அவ்விளம்பரம் மிகுந்த பயனுடையதாகத் தோன்றியிருந்தது. உண்மையில் எப்படியும் வரவிருந்தவர்களுக்கு அது வாசற்கதவாக மட்டுமே இருந்தது. பிற சொற்களுக்கான விளம்பரங்களில், ஏற்கெனவே அடிக்கடி வாங்குவோரிடம் பயன் காணப்படவில்லை. புதியவர்களிடமும் அரிதாக வாங்குவோரிடமும் பயன் இருந்தது. மகாராஷ்டிரத்தில் நூல் விற்கும் ஒருவரும் இதே முறையில், புனே, நாசிக், நாக்பூர், கோலாப்பூர் போன்ற நகரங்களைக் குலுக்கிப் பிரித்து, சிலவற்றில் மட்டும் பரிந்துரையைச் சில வாரம் நிறுத்தி விற்பனையை ஒப்பிடலாம்.

பலர் சேர்ந்து உண்டாக்கிய பயனை நியாயமாகப் பங்கிடும் முறை ஒன்றைக் கணிதவியலாளர் லாய்ட் ஷாப்லி 1953இல் வகுத்தார். 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஒரு கற்பனைக் கணக்கில், காணொளி மட்டும் இருந்தால் 20 நூல்கள் கூடுதலாக விற்கும், டெலிகிராம் மட்டும் இருந்தால் 10 விற்கும், இரண்டும் சேர்ந்தால் 40 விற்கும் என்று கொள்க. காணொளி முதலில் வந்தால் அது சேர்ப்பது 20. டெலிகிராமுக்குப் பின் வந்தால் சேர்ப்பது 30. இரண்டின் சராசரி 25. டெலிகிராம் முதலில் வந்தால் 10, பின்னர் வந்தால் 20, சராசரி 15. ஆக, 40 நூல்களின் தரகு 25க்கு 15 என்று பிரியும். வாங்கியோர் அனைவரும் இறுதியில் டெலிகிராம் இணைப்பைச் சொடுக்கியிருந்தால், கடைசிச் சொடுக்கு விதியின்படி காணொளிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆனால் ஷாப்லியின் முறைக்கு, ஒவ்வொரு சேர்க்கையிலும் எவ்வளவு விற்கும் என்ற விவரம் தேவை. பங்கேற்போர் பத்துப் பேரானால் சேர்க்கைகள் 1,024 ஆகிவிடும். எனவே நடைமுறையில் தோராயங்களே கைகொடுக்கின்றன.

சட்டமும் ஒப்பந்தமும்

வாங்குபவரைப் பொறுத்தவரை, பரிந்துரைப்பவருக்குத் தரகு உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை அறம். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும், இத்தகைய பொருளியல் தொடர்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு ஆதரவளிப்பவருக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பரிந்துரையாளரும் விற்பனையாளரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலோ இதைவிடச் சாதாரணமான விவரங்களே வருவாயை முடிவுசெய்கின்றன: குறியீடு எத்தனை மணி நேரம் செல்லும், யாருடைய குறியீடு யாருடையதை அழிக்கும், தள்ளுபடிச் சொல்லும் இணைப்பும் மோதினால் எது வெல்லும், திரும்பி வந்த பொருளின் தரகு எப்போது கழிக்கப்படும். காரணத்தைக் கண்டறியும் சோதனை செலவு மிக்கது, காலம் எடுப்பது. சிறு விற்பனையாளர்கள் கடைசிச் சொடுக்கு விதியையே நம்பியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதை விற்பனையின் அளவுகோலாகக் கொண்டு, அதிகக் குறியீடு காட்டியவருக்கே மேலும் தரகை உயர்த்திக்கொண்டு போகும் நிறுவனம், நூலை ஆராய்ந்து பேசியவரை விட்டுவிட்டுப் பணம் செலுத்தும் பக்கத்துக்கு அருகில் இடம்பிடித்தவருக்கே தொடர்ந்து கூலி கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். ஆராய்ந்து பேசுவோர் வருவாயின்றி விலகியபின் விற்பனை சரிந்தால், அதற்கான காரணத்தையும் அக்குறியீடுகள் காட்டப்போவதில்லை.